வந்துவிட்டார்கள்

எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியில் என்னை மதித்த ஒரே ஆள், வாசலில் இருந்த இயந்திரம்தான்.

இடுப்பு உயரத்துக்கு நிற்கும். அதன் தட்டில் வலது கட்டைவிரலை வைத்து, மேலே இருக்கும் துளையில் ஒரு தடவை ஊத வேண்டும். விரலில் இருந்து கொஞ்சம் தோலையும் மூச்சில் இருந்து கொஞ்சம் எச்சிலையும் எடுத்துக்கொண்டு, மரபணுவைப் படித்து, வந்திருப்பது யார் என்று மூன்று விநாடியில் சத்தமாக அறிவித்துவிடும். வராதவனுக்காக வந்தவன் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தை ஒழிக்க நிர்வாகம் வாங்கிப் போட்டது.

"நிவேதிகா வந்துவிட்டார்" என்று சொல்லும். "முதல்வர் அருளப்பன் வந்துவிட்டார்" என்று சொல்லும். நான் விரலை வைத்து ஊதினால் மட்டும், "பொற்கொடி வந்துவிட்டார்கள்" என்று சொல்லும்.

முதல் நாள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் என் வயதில் பாதிகூட இல்லை. மூத்தவள் என்று தெரிந்து மரியாதை கொடுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். "இயந்திரம்கூட ஆளைப் பார்த்துத்தான் பேசுது அக்கா" என்று நிவேதிகா கிண்டல் செய்தாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. அதற்காகவே தினமும் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன்.

முதல்வருக்குத்தான் பொறுக்கவில்லை. தனக்கு 'ஆர்', ஒரு மாணவிக்கு 'ஆர்கள்' என்றால் எப்படி? கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. "எங்கள் இயந்திரத்துக்கு மரியாதை கிடையாது. அதற்கு ஒருமை, பன்மை மட்டுமே தெரியும்." முதல்வர் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே கொதித்துவிட்டார். "மரியாதை கெட்ட மெஷினுன்னு அவனே ஒத்துக்கிட்டான் பாருங்க!" என்று காலைக் கூட்டத்தில் கடிதத்தை ஆட்டிக் காட்டினார். இரண்டாவது வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

நான் படிக்க வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடமாக ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட ஒளிந்துகொள்கிற நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவேன். குழந்தைகள்கூட என்னிடம் அழாது. "கைராசிக்காரி" என்று ஊரில் பெயர். ஆனால் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அடுத்த ஜூலையில் இருந்து சான்றிதழ் இல்லாதவர்கள் ஊசியைத் தொடக் கூடாது என்று புது விதி வந்தது. மேலாளர், "ஒரு வருஷம் டைம் தாரேன், படிச்சிட்டு வா, இல்லைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது. கல்யாணமாகி ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

சமுதாயக் கல்லூரிக்கு வயது வரம்பு கிடையாது. பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கொட்டகையில் நடந்தது. ஆய்வகத்தில் எதை மோந்தாலும் கந்தக வாடை அடிக்கும். 'உயிரியலும் ஆய்வக நுட்பமும்' என்று ஒரு வருடப் படிப்பு. காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் வேலை. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று செல்வின் சார் வரைந்து காட்டியபோது, இத்தனை வருடமாகக் குழாயில் பிடித்துப் பிடித்து அனுப்பிய சங்கதியா இது என்று எனக்குக் கண்ணே கலங்கியது. படிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எல்லா வகுப்பிலும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வாங்க அலுவலக ஜன்னலுக்குப் போனேன். கண்காணிப்பாளர் பரமானந்தம் பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்களுக்கு ஹால் டிக்கெட் இல்லம்மா."

"ஏன் சார்?"

"வருகை பூஜ்யம். நூத்தி எண்பது நாள்ல ஒரு நாள்கூட நீங்க வரல."

"நேத்து இதே ஜன்னல்ல நின்னு உங்க சுகருக்கு ரத்தம் எடுத்தேனே சார்?"

"எடுத்தீங்க. நூத்தித் தொண்ணூறு இருந்துச்சு. அது வேற, பதிவேடு வேற."

பிறகு அவரே விளக்கினார். ஒரே நேரத்தில் இயந்திரத்தின் முன்னால் இரண்டு பேர் நின்றால், தட்டில் விரல் வைத்தவருக்குத்தான் வருகை. பக்கத்தில் நின்று ஊதியவருக்கு இல்லை. இதுதான் விதி.

"ஊதினது நீங்க. சேர்க்கையப்ப உங்க கன்னத்துல எச்சில் எடுத்தோமே, அதோட ஒத்துப்போகுது. ஆனா விரல் உங்களோடது இல்ல. விரல்காரம்மாவுக்கு நூத்தி அறுபத்து நாலு நாள். தொண்ணூத்தோரு சதவீதம். காலேஜ்லயே அவங்கதான் ஃபர்ஸ்ட்."

"யாரு சார் அந்த விரல்காரம்மா?"

"அத நீங்கதான் சொல்லணும். தினமும் யாரையோ கூட்டிட்டு வந்திருக்கீங்க."

நான் என் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தேன். அது பாட்டுக்கு இருந்தது.

செல்வின் சாரிடம் ஓடினேன். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இயந்திரத்தில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். அதற்கு முன்னால், செய்முறைக்கு வைத்திருந்த மரபணுக் கருவியில் என் கன்னத்தையும் விரலையும் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு முக்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"அக்கா, மெஷின்ல கோளாறு இல்ல. நீங்க ரெண்டு பேர்."

"என்ன சார் சொல்றீங்க?"

"உங்க அம்மா வயித்துல முதல்ல ரெட்டைக் கரு உண்டாகியிருக்கு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. நாலஞ்சு நாள்லயே ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணாயிருச்சு. அதனால உங்க உடம்புல சில இடம் உங்களோடது, சில இடம் உங்க தங்கச்சியோடது. அக்காவாகூட இருக்கலாம்."

"அப்போ நான் அவளைத் தின்னுட்டேனா?"

"யாரும் யாரையும் தின்னல. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா வளர்ந்துட்டீங்க, அவ்வளவுதான். உலகத்துல அங்கங்க இருக்காங்க. நிறையப் பேருக்குச் சாகிற வரைக்கும் தெரியாது."

வகுப்புக்கு அன்று திருவிழாதான். தவளையும் கரப்பான்பூச்சியும் பார்த்துச் சலித்த பிள்ளைகளுக்கு என்னைவிட நல்ல மாதிரி கிடைக்குமா? தலைமுடி, காது மடல், குதிகால் என்று பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். நிவேதிகா ரெக்கார்டு நோட்டில் என்னை முழுசாக வரைந்து, எனக்குப் பச்சையும் அவளுக்கு ரோஸும் அடித்தாள். மேலே 'பொற்கொடி அக்கா: படம் வரைந்து பாகங்களைக் குறித்தல்' என்று தலைப்பு. முகமும் இடது கையும் வலது காலும் பச்சை. தலைமுடி, இடது கால், வலது கை தோளில் இருந்து நகம் வரைக்கும் ரோஸ். ரத்தத்தில் இரண்டும் கலந்திருந்தது.

"மூளை சார்?" என்று கேட்டாள்.

"திறந்து பாக்காம சொல்ல முடியாது. விட்டுரு."

நிவேதிகா அந்த இடத்தை வெள்ளையாக விட்டு ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நான் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி பிடிக்கிற கை. பதினெட்டு வருடமாக ஊரே என்னைக் கைராசிக்காரி என்றது. அந்த ராசி என்னுடையதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்தது அந்தக் கைதான்.

வீட்டில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நோட்டைக் காட்டிச் சொன்னேன். மயக்கம் போட்டு விழுவாள் என்று தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன். அம்மா பூண்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கல்யாணப் பந்தியில ரெட்டை வாழைப்பழம் வந்துச்சு. உங்க அப்பத்தா கண்ணால வேண்டாம்னு காட்டுனாங்க. நான் தின்னுட்டேன். ரெண்டுன்னுதான் இருந்தேன். ரெண்டு பிள்ளைக்கும் பேருகூட வெச்சிருந்தேன். நீ ஒருத்தியா வந்து விழுந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க."

மறுநாள் இதைச் சொன்னபோது செல்வின் சார் தலையைச் சொறிந்தார். வாழைப்பழத்துக்கும் கருவுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். அந்த நாலைந்து நாளில் தாய்க்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்றார். இது பாடத்திட்டத்தில் இல்லை என்று முடித்துக்கொண்டார்.

அது மறுநாள். அன்றைக்கு அம்மா என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மலர்க்கொடி" என்றாள். "மலரு, இத்தனை வருஷம் இந்த வீட்டுலயேதான் இருந்தியா? ஒரு வார்த்தை பேசலியேடி." விரல் ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டாள். சின்ன வயதில் நான் இரண்டாம் முறை சோறு கேட்கும்போதெல்லாம் "ரெண்டாளு சோறு திங்கிறியே" என்று திட்டிய அம்மா, அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் இடது கை தரையில் கிடந்தது.

சொல்வதற்கு என்ன, எனக்கு வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் மலருக்குத்தான். வலது கைக்கு மட்டும் எண்ணெய் தேய்ப்பாள். வலது கைக்கு மட்டும் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாள். பாத்திரம் விளக்கப் போனால், "அவ விளக்க வேண்டாம், நீ விளக்கு" என்று இடது கையைக் காட்டுவாள். தினமும் சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அடுப்படியில் இருந்து "வந்துட்டியா?" என்று கேட்பது நாற்பது வருடப் பழக்கம். இப்போது "வந்துட்டியா மலரு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதில்லை. என்னைக் கேட்டால்தானே சொல்வதற்கு?

கல்லூரியில் என் விஷயமாக ஒரு கூட்டம் போட்டார்கள். முதல்வர், பரமானந்தம், செல்வின் சார், நான். 'வந்துவிட்டார்கள்' என்றால் மரியாதை இல்லை, வெறும் எண்ணிக்கைதான் என்று தெரிந்ததும் முதல்வர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அன்பாகவே பேசினார்.

"பூஜ்யம் சதவீதத்தை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அறுபதுக்கு மேல இருந்தாத்தான்."

"அவ தொண்ணூத்தோரு சதவீதம் வந்திருக்காளே சார். அவ வந்தா நான் வந்த மாதிரிதானே?"

"அக்கா வந்ததுக்குத் தங்கச்சிக்கு வருகை போட்டா, அதுக்குப் பேருதான் ப்ராக்ஸி. அத ஒழிக்கத்தான் மெஷினே வாங்கினோம்."

பரமானந்தம் விதிப் புத்தகத்தைத் திறந்தார். "ஒரு வழி இருக்கு. அந்தம்மாவை முன்தேதியிட்டுச் சேர்த்துக்கலாம். பிறப்புச் சான்றிதழ் மட்டும் வேணும். அவங்க பரீட்சை எழுதட்டும்."

"அவங்க எப்படி சார் எழுதுவாங்க?" என்றார் செல்வின் சார். "அவங்களுக்குக் கண்ணு, வாயி எதுவும் இல்லை. இவங்ககூடவேதான் வரணும்."

"அதுக்கும் விதி இருக்கு. இயலாத மாணவருக்குத் துணையாள் வெச்சுக்கலாம். கேள்வியைப் படிச்சுக் காட்டலாம். ஒரே கட்டுப்பாடு, துணையாள் அந்தப் பாடத்தைப் படிச்சவங்களா இருக்கக் கூடாது." பரமானந்தம் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதான் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரலையே! உங்களை விடத் தகுதியான துணையாள் எங்க கிடைப்பாங்க?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதுதான் இரண்டு கை வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது.

சான்றிதழில் மலர்க்கொடி என்று இருக்கும். வேலையும் அவள் பெயருக்குத்தான். யோசிக்க நேரமில்லை. ஜூலை வந்துகொண்டிருந்தது. சரி என்றேன்.

பிறப்பைப் பதிய அம்மாவே வந்தாள். சாமி கும்பிடப் போகிற மாதிரி பட்டுச் சேலை கட்டியிருந்தாள். "குழந்தை எங்கே?" என்று கேட்டார்கள். அம்மா என் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "பிறந்தபோது எடை?" என்று கேட்டார்கள். "மொத்தமா மூணு கிலோ" என்றாள். எழுதிக்கொண்டார்கள். காகிதம் கைக்கு வந்ததும் அம்மா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஆட்டோவில் சின்னப் பிள்ளைபோல அழுதாள். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. இரண்டு பிள்ளையைச் சுமந்தேன் என்று சொன்னதற்காக நாற்பத்து மூன்று வருடம் கேலிக்கு ஆளானவள் அவள்.

தேர்வறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். 'தேர்வர்' என்று ஒட்டிய மேசைமேல் வலது கையை வைத்துவிட்டு, 'துணையாள்' நாற்காலியில் நான் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தேன். கண்காணிக்க வெளியூரில் இருந்து வந்தவர் இரண்டு மணி நேரமும் என்னையே முறைத்துக்கொண்டு நின்றார். "பதில் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்று எச்சரித்தார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். கை எழுதியது. விடையை யோசித்தது நானா, அந்த வெள்ளை இடத்தில் உட்கார்ந்திருந்த யாரோவா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசிக் கேள்வி: மனிதக் கையின் படம் வரைந்து பாகங்களைக் குறி. மாதிரிக்குப் பார்க்க என் இடது கைதான் இருந்தது. மேசை ஓரத்தில் விரித்து வைத்தேன். வலது கை நிதானமாக வரைந்தது. ஊசி குத்திய பழைய தழும்பு ஒன்று இடது கையில் உண்டு. பழகும்போது நானே குத்திக்கொண்டது. மதிப்பெண்ணுக்கு அது தேவையே இல்லை. அதையும் வரைந்துவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைத்தது.

முடிவு வந்தது. மலர்க்கொடி, முதல் வகுப்பு. அதற்கு மேல் வரியில், பொற்கொடி, தொடர்ந்து வராத காரணத்தால் சேர்க்கை ரத்து. முதல் பெஞ்சில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தவளை ஒரே வரியில் அடித்துவிட்டார்கள். செல்வின் சார் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எந்தக் கையால் வாங்குவது என்று ஒரு நிமிடம் தடுமாறினேன்.

பரிசோதனைக் கூடத்திலும் அதற்குள் அதே இயந்திரம் வாங்கி வைத்துவிட்டார்கள். மேலாளர் மலர்க்கொடியின் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். வேலை நிரந்தரம் என்றார். பிறகு சங்கடமாக நெளிந்தார்.

"ஒரே ஒரு விஷயம். சான்றிதழ் இல்லாதவங்க உள்ள இருக்கக் கூடாது. அதிகாரிங்க சோதனைக்கு வந்தாங்கன்னா மெஷின்ல 'வந்துவிட்டார்கள்'னு இருக்கும், எனக்குத்தான் பிரச்சினை. நீங்க வெளியில இருந்துக்கிட்டா..."

"நான் வெளியில இருந்தா அவ எப்படி உள்ள போவா?"

யோசித்தார். மூக்கையும் வாயையும் மூடும் கனத்த முகமூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டுக்கோங்க. மூச்சு வெளிய வராது."

போட்டுக்கொண்டேன். விரலை வைத்தேன். துளையில் ஊதினேன். ஒன்றும் போகவில்லை.

"மலர்க்கொடி வந்துவிட்டார்" என்றது இயந்திரம்.

ஒரு வருடம் 'கள்' கேட்டுப் பழகிய காது. அந்த இரண்டு எழுத்துக் குறைந்ததும் நெஞ்சில் ஏதோ பொசுக்கென்று போயிற்று. அன்று முழுவதும் முகமூடிக்குள் இருந்தேன். முப்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தாள். ஒரு பெரியவர், "வலிக்கவே இல்ல தாயி, கைராசி" என்றார். "அவகிட்ட சொல்லிர்றேன்யா" என்றேன். முகமூடிக்குள் இருந்து அவருக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று முகமூடியைக் கழற்றினேன். கன்னம் முழுக்க நாடா பதிந்து சிவந்திருந்தது. மலரு முதல் நாள் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். அம்மா அவளுக்குக் கேசரி கிண்டியிருக்கிறாள். வாசனை தெருவரைக்கும் வந்தது. இனிமேல் இந்த வீட்டிலும் எனக்கு வருகைப் பதிவு இல்லை என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

செருப்புச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியில் இருந்து திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"வந்துட்டீங்களா?"

அப்படியே நின்றுவிட்டேன். பிறந்ததில் இருந்து அம்மா என்னை ஒரு தடவைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை. இப்போதும் மரியாதைக்காகப் போடவில்லை.

"வந்துட்டோம்மா" என்றேன்.